சிவப்புக் கோட்டில் நின்ற முள்

வவுணதீவு,
வைகாசிக் கடைசி.

லண்டனில் குளிரோடு மல்லுக்கட்டும் அன்பு மருமகன் நிலோஜனுக்கு, மாமன் கனகசூரியம் எழுதிக்கொள்வது. இங்கு நான், மாமி, மாடுகள் எல்லோரும் நலம். என் புருவங்கள் மட்டும் இல்லை. வட்சப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர் என்பதால் கடிதம்.

குளிர்த்தித் திருவிழாவில் அம்மன் வீதி சுற்றும்போது முன்னால் பெற்றோல்மக்ஸ் விளக்குப் பிடிக்கும் உரிமை நம் குடிக்கு உரியது. குடி தாய்வழியில் வருவதால், எனக்குப் பிறகு அது என் மகனுக்கல்ல, அக்காவின் மகனான உமக்கு. அந்த அக்கறையில்தான் அந்தப் பழைய விளக்கை எங்கோ தேடி வாங்கி அனுப்பினீர். நம் விளக்கில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு மீற்றர், உள்ளே முள், ஒரு சிவப்புக் கோடு. அது காற்றின் அழுத்தத்தைக் காட்டும், முள் சிவப்புக்கு வந்தால் பம்ப் அடிப்பதை நிறுத்த வேண்டும் என்று வீடியோவில் விளக்கினீர். நான் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தேன். போனைப் பிடித்திருந்தவர் மாமியின் தம்பி வினாயகமூர்த்தி. “முப்பது வருசம் பஸ் ஓட்டின எனக்கு மீற்றர் பாக்கத் தெரியாதா?” என்று உம் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டார்.

குளிர்த்தியன்று பொழுதுபட, கோயில் வாசலில் பம்ப் அடித்தேன். முள் சிவப்பில் நின்றது. “அத்தான், சிவப்புல நிக்கி. எண்ணெய் முடிஞ்சிற்று, ஊத்துங்க” என்றார் வினாயகமூர்த்தி. மூடியைத் திறந்தோம், உஸ் என்று காற்றுப் போக முள் அடியில் விழுந்தது. “பாத்தீங்களா, ஒரு சொட்டும் இல்ல!” ஊற்றினோம். மறுபடி அடித்தேன், முள் முன்னையிலும் வேகமாகச் சிவப்புக்கு ஓடியது. “பழைய எஞ்சின், எண்ணெய் கூடத்தான் இழுக்கும். மறுகா ஊத்துங்க.” தொட்டியில் காற்றுக்கு இடமில்லாததால்தான் முள் அப்படித் துள்ளியது என்று இப்போது விளங்குகிறது. அப்போது பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபர்கூட, “ஓம், சிவப்பெண்டா முடிஞ்சதுதானே” என்று தலையாட்டினார். விளிம்புவரை ஊற்றி, பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். வெளிச்சம் வரவேண்டிய இடத்தால் எண்ணெய் வந்தது, தீ என் முகம்வரை எழும்பியது, பூசகர் தட்டோடு ஓடினார், மேளக்காரர் அடியை நிறுத்தாமலே ஓடினார். மாமிதான் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்து, “உங்கட மருமகன் அனுப்பினது விளக்கா, குண்டா?” என்று கேட்டாள்.

எதிர்க் குடியார் பேட்டரி லைட்டோடு அம்மனுக்கு முன்னால் நடந்தார்கள். மறுநாள் கோயில் நிர்வாகத் தலைவரான வண்ணக்கர் கூட்டத்தில், “வாற வருசம் அவங்கதான் பிடிக்கிற” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் அழுதேன், மருமகன். புருவமில்லாதவன் அழுதால் யாரும் நம்புகிறார்களில்லை. வினாயகமூர்த்தியும் எதிர்க் குடிதானே, வேண்டுமென்றே செய்தார் என்று ஊர் பேசுகிறது. எனக்கு அந்தச் சந்தேகம் துளியும் இல்லை. சதி செய்ய மூளை வேண்டும்.

ஆகவே இனி இந்த ஊருக்கு மீற்றர் வைத்த சாமான் எதையும் அனுப்ப வேண்டாம். இது மாமனின் கட்டளை. கோபம் தணிந்து அம்மன் உம்மைக் காப்பாளாக.

இப்படிக்கு,
எரிந்த முகத்தோடு,
மாமன் கனகசூரியம்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகையில் வினாயகமூர்த்தி வந்தார். பேட்டரி லைட் அம்மனுக்கு ஆகாது, தீ எரியும் பெற்றோல்மக்ஸ்தான் வேண்டும் என்று வண்ணக்கர் சொல்லிவிட்டாராம். அவர்கள் குடிக்கு ஒன்று தேவையாம். மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே வாங்கி அனுப்பும். மீற்றர் பெரிதாக, சிவப்புக் கோடு நல்ல தடிப்பாக இருக்கட்டும். விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். தன் ஆட்களுக்குத் தானே சொல்லிக்கொடுப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.