நூலகர் நாணயப் பெட்டகம் திறந்த படலம்

வாழ்க நூலகர்! தூசிப்படலத்துக்கு அஞ்சாத தும்மல் வேந்தன், காலம் கடந்து வரும் புத்தகத்துக்கு அபராதம் விதிப்பதில் தயவு தாட்சண்யம் அறியாத தண்டநாயகன், ‘அமைதி காக்கவும்’ என்ற ஒற்றைப் பலகையால் பெருங்கூட்டத்தை அடக்கியாளும் மௌனச் சக்கரவர்த்தி வாழ்க! சொல்லுக்குரிய தெய்வமே, என் நாவில் சற்று நேரம் வந்து உட்கார். கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு கருவியோடு அப்பெருமகன் பொருத வெஞ்சமரை நான் சிரிக்காமல் பாடி முடிக்க வேண்டும். சிரித்துவிட்டால் என்னைக் குற்றம் சொல்லாதே.

போர் மூண்ட காரணம் கேளீர். நூலகரின் மனைவி, நூலும் ஊசியும் ஏவல் கேட்கும் தையல் அரசி, புது மிஷின் வாங்கவென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையெல்லாம், ‘இது வளரும்’ என்ற நூலகரின் வாக்கை நம்பி, கையால் தொடமுடியாத, கண்ணால் காணமுடியாத கிரிப்டோ நாணயமாக மாற்றக் கொடுத்திருந்தாள். கணினித் திருடர் எங்கெங்கும் உலவுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நூலகர், அந்நாணயத்தின் சாவியைத் தன் வயிற்றுக்குள் பூட்டிவைக்கும் ஹார்டுவேர் வாலட் என்னும் பெட்டகத்தைத் தருவித்தார். உறையின் முத்திரை உடைபடவில்லை என்பதை உருப்பெருக்கியால் ஆராய்ந்தார். சன்னல் திரைகளை இழுத்தார். சுவர்க்கண்ணாடியையும் திருப்பி வைத்தார். பிறகு மேசைமேல் ஒரு கையை ஊன்றிப் பிரகடனம் செய்தார்.

“இனிமே நம்ம பணத்தை ஒருத்தனும் தொட முடியாது!”

இந்த ஒருத்தனில் தாமும் அடக்கம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

கருவிக்கு இரகசிய எண் ஒன்றைக் கொடுத்தார். உடனே அதன் சிறுதிரையில் இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தருளின. கருவி தொலைந்தாலும் அழிந்தாலும், அச்சொற்களை வந்த வரிசை மாறாமல் இன்னொரு கருவியில் இட்டால் செல்வம் உயிர்த்தெழும். எழுதிக்கொள்ளத் தாள் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. தாளாவது? முப்பதாண்டுக் காலம் நூற்பட்டியல் அட்டை எழுதிய கை அது! சொல்லுக்கு ஓர் அட்டையாக முத்து முத்தாக எழுதினார். சொற்களைச் சரிபார்க்கச் சொன்ன கருவிக்கு, கட்டு கலையாத அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பிழையின்றி விடையிறுத்தார். நாணயம் முழுவதும் உள்ளே போய்ச் சேர்ந்தது.

பெட்டியோடு வந்த துண்டுத்தாளில், ‘சொற்களை வரிசையாக வைத்துக்கொள்ளவும்’ என்று கண்டிருந்தது. இதை ஒரு நூலகருக்கா சொல்ல வேண்டும்! வரிசையென்றால் உலகில் ஒரே வரிசைதான். இருபத்துநான்கு அட்டைகளையும் அகராதி வரிசைப்படி அழகாக அடுக்கி, இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, மனநிறைவோடு போய்ப் படுத்தார்.

சில மாதங்கள் சென்றன. தையல் அரசியின் பழைய மிஷின் ஒருநாள் கடகடவென்று ஓலமிட்டு, ஊசியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. “இன்னைக்கே பணத்தை எடுங்க” என்றாள் அவள். நூலகர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு களம் புகுந்தார்.

கருவியின் தலையில் இரண்டு பொத்தான்கள். வலதை அழுத்தினால் எண் ஏறும், இடதை அழுத்தினால் இறங்கும், இரண்டையும் ஒருசேர அழுத்தினால் எண் நிலைக்கும். பொத்தான்களோ எறும்புத்தலைகள், நூலகரின் கட்டைவிரல்களோ கலைக்களஞ்சியம் சுமந்து தடித்தவை. இரு விரலும் ஒரே நொடியில் இறங்க வேண்டிய வேளையில் வலதுவிரல் முந்திக்கொண்டது, ஆறு ஏழாயிற்று, கருவி ‘தவறு’ என்றது. வெகுண்டெழுந்து மீண்டும் பொருதார். இம்முறை இடதுவிரல் முந்தியது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் உள்ளிருப்பதை எல்லாம் துடைத்துவிடுவேன் என்று கருவி சூளுரைத்தது.

நூலகர் அசரவில்லை. துடைத்தால் என்ன, சொற்கள் இருக்கின்றனவே! பூட்டைத் திறந்து இழுப்பறையை இழுத்தார். முதல் அட்டையைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கடைசி அட்டையையும் பார்த்தார். வந்த வரிசை எது? எந்த அட்டையிலும் எண் இல்லை. மூலத்தாள் என்று ஒன்று எழுதப்படவே இல்லை. ஊரெல்லாம் புகழ்ந்த அந்த ஒழுங்கை நூலகர் வாழ்வில் முதன்முறையாகச் சபித்தார்.

தையல் அரசி அட்டைகளையும் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஏங்க, அடுக்கறதுக்கு உங்களுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓடும் பேருந்தில்கூட ஊசியில் நூல் கோக்கும் விரல்களை நீட்டி, “நம்பரைச் சொல்லுங்க, நான் அழுத்தறேன்” என்றாள்.

அந்தோ, தர்மசங்கடம்! இரகசிய எண்ணை எவரிடமும், கட்டிய மனைவியிடமும் சொல்லக்கூடாது என்பது பெட்டகம் காப்போர் தலையாய விரதம். நூலகரின் நெற்றியில் வியர்வை முத்தாரம் கோத்தது. ஒருபக்கம் விரதம், மறுபக்கம் அவள் குனிந்த முதுகோடு கூலிக்குத் தைத்த இத்தனை ஆண்டுகள். விரதம் தோற்றது. காதருகே குனிந்து மொழிந்தார்.

“நம்ம நூலகத்துல தையல் புத்தகம் இருக்கற அடுக்கோட நம்பர்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திருமணத்துக்கு முன்பு மாலைதோறும் அந்த அடுக்கின் முன்னே நின்று, படித்த புத்தகத்தையே மீண்டும் படிப்பதுபோல் பாவனை செய்து, எதிர்மேசைக்காரரை ஓரக்கண்ணால் அளந்தவள் அவள்தான். உலகில் எவராலும் கண்டறிய முடியாதென்று அவர் இறுமாந்திருந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவள் முகம் சிவந்தது. ஆயினும் விரல் குறி தவறவில்லை. எண் ஏறியது, இறங்கியது, இரு விரலும் ஒருங்கே விழுந்தன, நிலைத்தது. அடுத்த எண்ணும் நிலைத்தது. நூலகர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாம் அதுவரை நம்பாத தெய்வங்களையெல்லாம் அகராதி வரிசைப்படி வேண்டினார்.

திறந்தது! திறந்தது பெட்டகம்! முரசு அதிர்க, சங்கு முழங்குக, அலமாரிகள் அனைத்தும் கதவு தட்டி ஆர்ப்பரிக்க! ஒரு காசும் குறையாமல் சிறுதிரையில் நாணயம் சுடர்விட்டது. நூலகர் துள்ளிக் குதித்ததில் மூக்குக்கண்ணாடி பறந்து கட்டிலுக்கடியில் விழுந்தது. வாகை சூடிய தையல் அரசி ஒரு கையால் கருவியையும் மறு கையால் கணவரின் சட்டையையும் பற்றியபடி ஆணையிட்டாள்.

“இதை மறுபடி பூட்டறதுக்குள்ள வித்துடுங்க. இப்பவே!”

அடுத்த வாரம் புது மிஷின் வந்தது, அதன் வாரன்டி அட்டையை அவள் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.