மல்லாந்தார் தலையணை கொண்ட படலம்

மலையைச் சங்கிலியால் அளந்தவரும், ஆற்றின் வளைவை முக்காலி நாட்டிக் காகிதத்தில் மடக்கியவரும், அடுத்த வீட்டுச் சுவர் இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருப்பதைத் தெருமுனையில் நின்றபடியே கண்டு சொல்லி இரண்டு குடும்பங்களைத் தீராப் பகைக்கு ஆளாக்கியவரும், நேர்கோட்டின் காவலரும், கோணலின் கூற்றுவரும், சட்டைப்பையில் எந்நேரமும் ரசமட்டம் தரித்தவருமாகிய குமிழியார் வாழ்க! அவர் கழுத்தும் வாழ்க! கழுத்து அவ்வளவு நன்றாக வாழவில்லை என்பதாலேயே இக்காவியம் பிறந்தது. ஆகவே அதை மட்டும் இன்னொரு முறை வாழ்த்திவிட்டு மேலே செல்வோம்.

குமிழியார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. நில அளவை அலுவலகத்தில் சர்வேயராகப் பணிபுரியும் அவர், விரல் நீளமுள்ள ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் சிறு குமிழியைத் தவிர இவ்வுலகில் எவர் சொல்லையும் நம்பியதில்லை. குமிழி நடுவில் நின்றால் அது உண்மை, நகர்ந்தால் பொய். தேநீர்க் கடை மேசை முதல் சம்பந்தி வீட்டு டிவி வரை அவர் இவ்வாறு சோதித்துப் பொய்யென்று அறிவித்தவை அநேகம். அவரை எந்த வீட்டாரும் இரண்டாம் முறை விருந்துக்கு அழைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பொழுதெல்லாம் கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தும், இரவெல்லாம் குப்புறக் கவிழ்ந்து துயின்றும் வந்த அம்மாவீரரின் கழுத்து, ஒரு காலைப்பொழுதில் இடப்பக்கம் திரும்பி அங்கேயே குடியேறிவிட்டது. வலப்பக்கத்து உலகைக் காண அவர் முழு உடம்போடும் திரும்பவேண்டியதாயிற்று. பிசியோதெரபிஸ்ட் என்னும் கழுத்து நீவும் வித்தகர் நீவினார், நெரித்தார், முகத்தை ஒருவாறு நேரே நிறுத்தினார், பின் சாதாரணமாகச் சொன்னார்: "இனிமே மல்லாந்துதான் படுக்கணும் சார். நெத்தியும் தாடையும் ஒரே மட்டத்துல இருக்கற மாதிரி ஒரு தலையணை பாத்து வாங்கிக்குங்க."

வேறொருவராயின், அதிகம் உயரவும் வேண்டாம், அதிகம் தாழவும் வேண்டாம் என்று பொருள்கொண்டு, போகும் வழியில் ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு சேர்ந்திருப்பார். ஆனால் ஒரே மட்டம் என்ற சொல் விழுந்தது சர்வேயர் செவியில். பசித்த யானையின் முன் கரும்புக் கட்டை அவிழ்த்த குற்றத்தை அந்த வித்தகர் அறியாமல் செய்தார். அதன் பயனை அனுபவித்தது அவரல்லர், குமிழியாரின் துணைவியார்.

அந்த அம்மையாரும் லேசுப்பட்டவரல்லர். ஐம்பது இருக்கை கொண்ட அரசுப் பேருந்தின் சாரதி. ஊரின் முதல் பேருந்து அவருடையது. சேவல்கள் அவருடைய ஹாரன் கேட்டே கண்விழிக்கும் என்பது பணிமனை வழக்கு. அத்தகையவரின் உறக்கத்துக்கு அருகில்தான் குமிழியார் தம் போர்க்களத்தை விரித்தார். வீட்டிலிருந்த தலையணைகளெல்லாம் ஒவ்வொன்றாக அவர் பிடரியின் கீழ்ப் புகுந்து ஒவ்வொன்றாகத் தரையில் வீழ்ந்தன. துண்டு மடித்துச் சேர்த்தார். ஒரு மடிப்பைக் குறைத்தார். குறைத்ததற்கு வருந்தி மீண்டும் சேர்த்தார். படுத்தார், எழுந்தார், பெருமூச்செறிந்தார், விளக்கைப் போட்டார். தலையணை உறை மாற்றும் சத்தத்தைக் காட்டிலும், "தூங்கிட்டியா?" என்று அவர் அன்போடு கேட்ட சத்தமே சாரதியாரை அதிகம் எழுப்பியது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

ஒரு வாரம் பொறுத்த அம்மையார் வெள்ளியன்று வண்டியை நிறுத்திவிட்டு வந்து, சாவியை ஆணியில் மாட்டியபடி பிரகடனம் செய்தார்:

"ஏங்க, இன்னிக்குப் பாலத்துச் சிக்னல்ல பச்சை விழுந்தது எனக்குத் தெரியல. பின்னாடி லாரிக்காரன் அடிச்ச ஹாரன்லதான் கண்ணே தொறந்தேன். வண்டி நெறைய ஆளு. ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க தலைக்கு ஒரு முடிவு கட்டிடுங்க. இல்லேன்னா நீங்க சோபாவுல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நெரந்தரமா."

சோபா! அச்சொல் கேட்டுக் கோணலின் கூற்றுவர் முழு உடம்போடும் திரும்பி அதை நோக்கினார். அது அவர் முழங்காலோடு முடிந்துவிடும் ஆசனம். தலைமாட்டில் குளிர்சாதனப் பெட்டி நின்று, நள்ளிரவில் தொண்டையைச் செருமி, நடுங்கி, ஓய்ந்து, மறுபடி செருமும். இவையெல்லாம் பொறுக்கலாம். மணமான நாள் தொட்டு, சாரதியாரின் சீரான மூச்சொலி பக்கத்தில் கேட்காமல் தமக்கு உறக்கம் வந்ததில்லை என்பதுதான் பொறுக்க இயலாதது. இந்த உண்மையை அவர் மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. குமிழி வைத்துச் சோதிக்க முடியாத உண்மைகளைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

ஆகவே ஞாயிறு காலை படை புறப்பட்டது. சட்டைப்பையில் ரசமட்டம், கையில் மர அடிக்கோல், கால்சட்டைப் பையில் புத்தம்புதிய அழிரப்பர் இரண்டு, ஒன்றுக்கொன்று உயரம் பிசகாதவை. பக்கத்தில் சாரதியார், விடுமுறையை இழந்தவர்க்கே உரிய முகப்பொலிவோடு.

கடைத்தெருவில் உயர்ந்து நின்ற அந்தப் படுக்கைச் சாமான் கடையின் மாடியை அடைந்ததும் அவர் கண்ட காட்சியை என்னென்பது! இடப்பக்கம், காற்றடைத்த செருக்கோடு உப்பி நின்ற செயற்கைப்பஞ்சுச் சேனை. வலப்பக்கம், இறகு பொதிந்த இளவரசர்கள், விலைச்சீட்டையே வேலாக ஏந்தியவர்கள். நடுவில் மெமரி ஃபோம் என்னும் நினைவாற்றல் மிக்க மறவர், அழுத்தினால் அழுந்தி, விட்டபின் அரசு அலுவலகக் கோப்பு நகரும் வேகத்தில் மேலெழுபவர். இவ்வளவுக்கும் காவலாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு விற்பனைப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் மனித இனத்தைப் பார்த்துப் பார்த்து எதற்கும் வியக்காத கண்கள் அவளுக்கு வாய்த்திருந்தன. அவள் ஆணையிட்டாள்:

"அந்தக் கட்டில்ல போட்டுப் பாத்துக்கலாம் சார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கவர் பிரிச்சிட்டா மாத்தித் தர மாட்டோம்."

குமிழியார் செருப்பைக் கழற்றி, இரண்டையும் இணையாக வைத்து, காட்சிக்கட்டிலில் ஏறி மல்லாந்தார். பலகை மேல் ஒரு விரற்கடைப் பஞ்சு பரப்பிய கட்டில் அது. மலைப்பாறைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நெற்றிக்கும் தாடைக்கும் இடையே கோலை நேராக வைக்கவொட்டாமல் மூக்கு என்னும் குன்று குறுக்கே நிற்கும் என்பதை முந்தைய நாளே கணித்தவர் அல்லரோ! ஓர் அழிரப்பரை நெற்றியில் வைத்தார். மற்றொன்றைத் தாடையில் வைத்தார். இரண்டின் மேலும் மூக்கைத் தாண்டிய பாலமாக அடிக்கோலைக் கிடத்தி, கோலின் நடுவே ரசமட்டத்தை எழுந்தருளச் செய்தார். பாலம் அசையக்கூடாது என்பதால் வாயைத் திறவாமல், பல்லிடுக்கின் வழியே மொழிந்தார்: "பாரு. எந்தப் பக்கம் போகுது?"

"நெத்திப் பக்கம்," என்றார் சாரதியார், யாரும் தெரிந்தவர் வருகிறார்களா என்று பார்த்தபடி.

நெற்றி ஏறிவிட்டது என்று பொருள். வீழ்ந்தது செயற்கைப்பஞ்சுச் சேனை. அடுத்து வந்த மெல்லிய தலையணையில் குமிழி தாடைப்பக்கம் ஓடியது, அதுவும் மாய்ந்தது. நினைவாற்றல் மறவரின் மேல் தலை வைத்தபோது குமிழி நடுவை நெருங்கி, தயங்கி, தலை அமிழ அமிழக் காலக்கணக்கின்றி நகர்ந்துகொண்டே இருந்தது. முடிவு தெரியும் முன் சாரதியாரின் பொறுமை முடிந்தது. இறகு இளவரசரோ போர்நெறி அறியாதவர். அவர் விட்ட ஒரு நுண்துகள் குமிழியாரின் மூக்கில் புக, எழுந்த தும்மலில் பாலம் இடிந்தது, ரப்பர்கள் பறந்தன, ஒன்று அடுத்த வரிசைப் போர்வைகளுக்குள் மறைந்தது. விற்பனைப் பெண் அதைத் தேடியெடுத்து இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். அந்த இரண்டு விரலைவிடக் கடுமையான ஏச்சை இக்காவியம் வேறெங்கும் கண்டதில்லை.

இதற்குள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒரு சிறுமி, "அம்மா, அந்த மாமாவுக்கு என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல. அப்படிப் பாக்காத, வா," என்று தாய் இழுத்துப் போனாள், போகும்போது தான் மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். போர்வை ஒன்றைத் தோளில் போட்டிருந்த பருத்த மனிதர் ஒருவர் மட்டும் நகரவில்லை. "படுத்தவரு எந்திரிச்சா நாங்களும் பாப்போம்ல? வாடகை கட்டிட்டா படுத்திருக்காரு?" என்று கூரையை நோக்கிக் கேட்டார்.

குமிழியார் செவிமடுக்கவில்லை. ஏனெனில் அக்கணத்தில், கழுத்துக்கு மேடும் தலைக்குப் பள்ளமுமாக, அலை உறைந்தாற்போன்ற வடிவில் ஒரு தலையணை அவர் பிடரியைத் தாங்கியது. சாரதியார் குனிந்தார். மீண்டும் குனிந்தார். "நடுவுல நிக்குதுங்க," என்றார். கட்டில் அதிரவில்லை, வானம் பூமாரி பொழியவில்லை. ஆனாலும் மாவீரரின் கண்ணோரத்தில் ஈரம் கசிந்தது. தும்மலின் எச்சம் என்பாரும் உளர்.

"அந்த மாடல்ல இது ஒண்ணுதான் இருக்கு சார்," என்றாள் விற்பனைப் பெண்.

சொல்லி வாய் மூடுமுன், குமிழியார் எழுந்த இடைவெளியில் பருத்தவரின் கை அதன் ஒரு முனையைப் பற்றியது. மறுமுனையைக் குமிழியார் பற்றினார். அப்போது மூண்ட போரை எவ்வாறு உரைப்பேன்! இரு கொம்பன்கள் ஒரு மரக்கிளையைப் பற்றி ஈர்த்தாற்போலவும், ஒரே நிலத்துக்கு இருவர் பட்டா காட்டினாற்போலவும், இருவரும் ஈர்த்தனர். கழுத்து திரும்பாத குமிழியார் எதிரியின் முகத்தைக் காண இயலாமல் சுவர்க்கடிகாரத்தை முறைத்தவாறே ஈர்த்தார். தலையணை நீண்டது. வெற்றித்திருமகள் யார் பக்கம் சாய்வதென்று அறியாமல் மின்விசிறிக்கடியில் நின்று வேர்வை ஆற்றினாள்.

அப்போது ஒலித்தது, சந்தை நாள் கூட்டத்தைப் படிக்கட்டிலிருந்து உள்ளே தள்ளிப் பழகிய சாரதியாரின் குரல்:

"அண்ணே, கையெடுங்க! எறங்கறவங்க எறங்கினப்புறம்தான் ஏறணும்!"

வாழ்நாள் முழுதும் பேருந்தில் போய்வந்த பருத்தவரின் கை, அவர் அறிவைக் கேளாமலே விலகியது. அவர் ஓர் அடி பின்வாங்கி வழியும் விட்டார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிவதற்குள், குமிழியார் கல்லாப்பெட்டியின் முன் நின்றுகொண்டிருந்தார்.

வாகை சூடி வீடு திரும்பிய வீரர், மதிய உணவுக்குப் பின், திரைச்சீலையை இழுத்துவிட்டு, உறையைக் கிழித்தெறிந்து, தம் கட்டிலில் அத்தலையணையை நிறுவி மல்லாந்தார். ரப்பர், கோல், ரசமட்டம் எல்லாம் முறைப்படி ஏறின. "பாரு," என்றார் பல்லிடுக்கில்.

"நெத்திக்குப் போயிருச்சு."

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேன். முட்டிக்கிட்டுப் போய் நெத்தியில நிக்குது. உங்க தாடை நெஞ்சுல இடிக்குது, அது உங்களுக்கே தெரியலயா?"

குமிழியார் எழுந்தார். கட்டிலை நோக்கினார், முதன்முறையாக அளக்கும் கண்ணால் நோக்கினார். ஐயகோ! ஆண்டுக்கணக்கில் குப்புறக் கிடந்த அவருடைய வயிறும் நெஞ்சும் மெத்தையின் நடுவில் ஒரு குளத்தையே வெட்டியிருந்தன. தலைமாடு மட்டும் தேயாமல், வாங்கிய நாளின் உயரத்தோடு கரைபோல் நின்றது. குளத்தில் உடம்பும் கரையில் தலையுமாகக் கிடந்தவர், அதன் மேல் தலையணையும் வைத்தது மாடி வீட்டுக்கு ஏணி கட்டி அதன் உச்சியில் நாற்காலி போட்ட கதை. கடைப் பலகையில் அளந்த அளவு இங்கே எப்படிப் பொருந்தும்? அளக்குமுன் எந்தத் தரையிலிருந்து அளக்கிறோம் என்று பார்க்கவேண்டும். சங்கிலி பிடிக்கவந்த ஒவ்வொரு புதியவனையும் வெயிலில் நிறுத்தி வைத்து அவர் ஓதிய முதல் பாடம் அது.

"மெத்தை... சரியில்ல," என்றார்.

"மெத்தை இன்னிக்கா வந்துச்சு?"

"இல்ல."

"அப்ப கடையில எதை அளந்தீங்க?"

"கடைக் கட்டிலை," என்றார் நேர்கோட்டின் காவலர், மிக மெல்லிய குரலில்.

சாரதியார் சிரிக்கவில்லை, சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. கிழிந்த உறையைப் பார்த்தார், இனி மாற்ற முடியாத தலையணையைப் பார்த்தார், கதவுக்கு அப்பால் காத்திருந்த சோபாவைப் பார்த்தார். தீர்ப்புக்காகக் குமிழியார் தலை குனிய முயன்றார். அதற்கும் கழுத்து ஒத்துழைக்கவில்லை. "குடுங்க அதை இங்க," என்று வாங்கிய அம்மையார், கட்டிலின் தம் பாதியில் ஒருக்களித்துப் படுத்து, அலைத் தலையணையின் மேட்டில் கன்னத்தை வைத்தார். "அட, எனக்கு நல்லா இருக்கே," என்று தொடங்கியவர், அடுத்துச் சொல்லவேண்டிய சோபாத் தீர்ப்பைச் சொல்லி முடிக்கவில்லை. ஒரு வாரத்து உறக்கம் அவரைப் பாதி வாக்கியத்தில் வாரிக்கொண்டு போயிற்று.

மாவீரர் திகைத்து நின்றார். தலையணையை உருவினால் சாரதி விழிப்பார். விழித்தால் தீர்ப்பு முழுமை பெறும். ஆகவே மூச்சை அடக்கி, ஒரு முழங்காலை ஊன்றி, மறு முழங்காலை ஊன்றி, எதிரி முகாமுக்குள் நுழையும் ஒற்றனைப்போல் கட்டிலில் தம் பாதியை மீட்டு, வெறும் மெத்தையின் கரையில் தலைவைத்து மல்லாந்து கிடந்து, பக்கத்தில் எழுந்த சீரான மூச்சொலியைக் கேட்டவாறே, இழந்த தலையணைக்கு ஈடாக எட்டுத் திசையும் நடுங்கும்படி மெத்தைக் கடைகள்மேல் தாம் தொடுக்கவிருக்கும் அடுத்த பெரும் படையெடுப்பையும், அதில் குளங்கள் தூர்க்கப்படுவதையும், கரைகள் சமன் செய்யப்படுவதையும், தம் கொடி பறப்பதையும் உள்ளக்கண்ணால் கண்டு வஞ்சினம் உரைக்க வாய் திறந்தார்.

தலையணை இல்லாமலே அவருக்கும் நன்றாகத் தூக்கம் வந்துவிட்டது.