தையல் அறைக்குள் ஒரு தீயணைப்புப் படை

தீயணைப்புத் தலைவரின் பித்தளைத் தொப்பிக்குள் ஓபாசம் குட்டி போட்ட அன்றுதான் நான் அந்தச் சபதத்தை எடுத்தேன்.

ஓபாசம் என்பது எங்கள் டென்னசி பக்கத்துப் பெருச்சாளி மாதிரி ஒன்று. வயிற்றில் பை, வாய் நிறையப் பல், பாசம் பெயரில் மட்டும். கார் ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில் நான் பொக்கிஷமாக வைத்திருந்த தொப்பியை அது பிரசவ வார்டாக மாற்றிவிட்டது. எட்டிப் பார்த்தேன். சீறியது. என் பொருளைப் பார்க்க நான் அனுமதி கேட்க வேண்டிய இடம் வீட்டுக்குள் ஏற்கெனவே பல உண்டு. ஷெட்டிலுமா?

தொப்பி சாதாரணத் தொப்பி அல்ல. 'பிளம்வில்' தொலைக்காட்சித் தொடரில் கேப்டன் ஹோபார்ட் தலையில் இருந்தது என்று சொல்லி எனக்கு விற்றார்கள். நான் நம்பினேன். என் மனைவி நம்பவில்லை. எங்கள் இல்லறத்தில் இது புதிதல்ல.

பிளம்வில் கறுப்பு வெள்ளைக் காலத்துத் தொடர். சின்ன ஊர். ஒரே ஒரு தீயணைப்பு வண்டி. தீ மட்டும் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் கேப்டன் ஹோபார்ட் தினமும் வண்டியைத் துடைப்பார், மணியைத் துடைப்பார், கடைசியில் நெற்றியைத் துடைப்பார். ஊர் டெலிபோன் இணைப்பகத்தில் மிஸ் ஆர்லீன். நீங்கள் கேட்ட ஆளுக்கு இணைப்புத் தர மாட்டாள். நீங்கள் யாரோடு பேச வேண்டும் என்று அவள் நினைக்கிறாளோ அந்த ஆளுக்குத்தான் தருவாள். நான் அரை டிராயர் போட்ட வயதில் பார்க்க ஆரம்பித்தது. ஆணி முதல் ஏணி வரை விற்கும் கடை வைத்து நடத்தி, அதை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்த பிறகும் பார்க்கிறேன்.

தனியாகப் பார்க்கவில்லை. பிளம்வில் ரசிகர் சங்கம் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு வியாழன் மாலையும் என் வீட்டு ஹாலில் கூட்டம். எல்லாரும் என்னைப் போலக் கடையைக் கட்டிய ஆண்கள். நிரந்தரத் தலைவர் நான். தலைவர் கையில் ரிமோட் இருக்கும். எந்தக் கதை ஓட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திரும்பப் போட வேண்டும் எல்லாம் தலைவர் இஷ்டம். சொந்த வீட்டில் என் இஷ்டத்துக்கு ஏதாவது நடந்தது என்றால் அது வாரத்தில் அந்த ஒரு மாலைதான்.

ஆகவே சபதம் இதுதான். ஜெனீவாவின் தையல் அறையைக் கைப்பற்றுவது. அதைப் பிளம்வில் காட்சிக்கூடமாக்கி, தொப்பியை நடுவில் வைப்பது.

ஜெனீவா என் மனைவி. உலகத்துச் சண்டையெல்லாம் சமாதானமாகிற ஊரின் பெயரை என் மாமனார் மகளுக்கு வைத்துவிட்டார். அந்த ஜெனீவாவில் எல்லாரும் பேசுவார்கள், பிறகு சமாதானம் ஆவார்கள். இந்த ஜெனீவா பேசுவாள், நான் சமாதானம் ஆவேன். அவள் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள். வெயில் நன்றாக விழுகிற அறையில், கட்டில் அளவுக்கு ஒரு மரச் சட்டத்தை மாட்டி, அதில் போர்வையை இழுத்துக் கட்டித் தைத்துக்கொண்டே இருப்பாள். எங்கள் ஊர்க் குளிருக்கு வீட்டுக்கு ஒரு போர்வை போதும். எங்கள் வீட்டில் இருப்பதைப் போர்த்தினால் ஊரையே தூங்கவைக்கலாம்.

நேராகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஜெனீவா..."

"முடியாது."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியே?"

"என் பேரை இவ்வளவு மெதுவாச் சொன்னா நீ ஏதோ கேக்கப் போறேன்னு அர்த்தம். முடியாது."

"உன் தையல் ரூம் இருக்கே..."

"இருக்கு. இருக்கும்."

வேலி ஓரமாகப் போய் ஹார்லனிடம் சொன்னேன். ஹார்லன் பக்கத்து வீடு. மனைவியை இழந்து தனியாக இருப்பவன். சங்கத்தின் பொருளாளர். பொருள் கிடையாது, ஆளர் மட்டும்தான்.

"டேய் டெல்மர், நீ தப்பான வழியில போற," என்றான். "ரூமைக் கேக்காதே. அவளை ரசிகை ஆக்கு. ரசிகை ஆயிட்டா, 'ஐயோ, கேப்டன் தொப்பிக்கு ஒரு இடம் இல்லையா'ன்னு அவளே ரூமைக் காலி பண்ணிக் குடுப்பா."

"அவ சிரிக்கவே மாட்டாளேடா."

"நீ சொல்ற ஜோக்குக்குச் சிரிக்க மாட்டா. அது ஊருக்கே தெரியும். பிளம்வில் வேற."

இது யாருக்கும் தெரியக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ஜெனீவாவிடம் நூல் விட்டுப் பார்த்தேன். தையல் தெரிந்தவளிடம் நூல் விட்டால் அதை வைத்து அவள் என்னவெல்லாம் தைப்பாள் என்று அப்போது தோன்றவில்லை.

"வியாழக்கிழமை நீயும் எங்களோட உக்காந்து பாரேன்."

"நான் சும்மா உக்காந்து டிவி பாக்கற ஆள் இல்லை. கையில வேலை இருக்கணும்."

"வேலையோட வா."

"என் சட்டம் ஹால்ல எங்க போகும்? உங்க ஆளுங்க காலை நீட்டினாலே ஹால் நிறைஞ்சு போகுது." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணு. டிவியை என் ரூமுக்குக் கொண்டு வந்துடு. உங்க ஆளுங்க சுவரோரமா உக்காரட்டும்."

கோட்டையின் கதவை எதிரியே திறந்துவிட்டு உள்ளே வா என்கிறாள்! அவள் மனசு மாறுவதற்குள் நானும் ஹார்லனும் டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"காலைத் துடைச்சுட்டு வாங்க," என்றாள் எதிரி.

வியாழன் வந்தது. எங்கள் ஆட்கள் சுவரோரமாக, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். வாசல் மணி அடித்தது. ஓபல் உள்ளே வந்தாள். ஜெனீவாவின் உயிர்த்தோழி, கணவன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, கண்ணில் மட்டும் இன்னும் குறும்பு போகாதவள். அவளுக்குப் பின்னால் சர்ச்சில் போர்வை தைக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஊசி டப்பாவோடு வந்தார்கள்.

நான் எழுந்து தடுத்தேன். "மன்னிக்கணும். கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் இல்லாதவங்க உள்ள இருக்கக் கூடாது. இது சங்கத்தோட சட்டம்."

ஜெனீவா மரச்சட்டத்தைத் தட்டினாள். "இது என்னோட சட்டம். இவங்க இல்லாம இது நகராது. உறுப்பினரா சேத்துக்கோயேன். யார் வேணாலும் சேரலாம்தானே?"

"பிளம்வில்லை நேசிக்கற யார் வேணாலும்," என்றேன் கம்பீரமாக.

"ஓபல், நேசிக்கறியா?"

"இனிமே நேசிக்கறேன், கண்ணு."

சேர்த்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் சேர்த்துக்கொண்டேன். ஒரு ரசிகைக்கு வலை போட்டால் ஒரு கூட்டமே விழுகிறதே என்று ஹார்லனுக்குக் கண்ணடித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஓபலுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் ரிமோட்டை அமுக்கினேன். முதல் காட்சியிலேயே தொல்லை.

"அந்த ஆள் காலரைப் பாரு, எவ்வளவு அழகா மடிச்சுத் தைச்சிருக்கு!"

"ஷ்ஷ்!" என்றேன்.

"திரைச்சீலை துணி எங்க பாட்டி வீட்டுல இருந்ததே, அதே பூப்போட்டது."

"ஷ்ஷ்ஷ்!"

"டெல்மர், பஞ்சர் ஆன டயர் மாதிரி சத்தம் போடாதே. வசனம் கேக்கலை," என்றாள் ஜெனீவா.

அன்றைக்கு ஓடிய கதையில் கேப்டன் ஹோபார்ட் ஊரையே கூட்டித் தீயணைப்பு ஒத்திகை வைக்கிறார். வண்டி கொட்டகைக்குள். சாவியும் கொட்டகைக்குள். பூட்டு மட்டும் வெளியே. ஊர் பார்க்கிறது. கேப்டன் அவமானம் தாங்காமல் தெருமுனை போனுக்கு ஓடி, குரலை மாற்றிக்கொண்டு, "கேப்டன் இருக்காரா?" என்று தன் ஆபீசுக்கே போன் போடுகிறார். மிஸ் ஆர்லீன் நிதானமாகச் சொல்கிறாள்: "இல்லை. தெருமுனையில நின்னுக்கிட்டு யாரோ மாதிரி பேசிக்கிட்டு இருக்கார். ஏதாவது சொல்லணுமா?"

ஜெனீவா சிரித்தாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசி போர்வைமேல் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி என்னைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். நான் சும்மா சொல்லக் கூடாது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் காட்சிக்கூடமும் தோன்றவில்லை, தொப்பியும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் இவளைப் பின்னறைக்கு விட்டுவிட்டு இதைத் தனியாகப் பார்த்தேனே, எப்பேர்ப்பட்ட மடையன் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து ஏன் சிரித்தாள் என்று யோசிக்காததும் அதே மடத்தனம்தான்.

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளின் ருசியே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஹார்லன் டப்பாவைத் திறந்து வைக்கும் அவரைத் துவையலும் சிப்ஸும்தான். இப்போது பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம், வறுத்த கோழி, சூடான சோள ரொட்டி. எங்கள் ஆட்கள் தலையை வாரிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். கொள்கையில் மட்டும் தகராறு. பிளம்வில் என்றால் கேப்டன் ஹோபார்ட் என்பது எங்கள் கட்சி. பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? ஊரை நடத்தறது ஆர்லீன்தான்," என்றாள் ஓபல்.

"அவ வெறும் டெலிபோன் பொண்ணு," என்றேன்.

"ஆமாம் டெல்மர். எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதான் கதையே," என்றாள் ஜெனீவா, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.

இலை பழுக்கிற பருவம் வந்தது. சங்கத்தின் வருடாந்தரத் தேர்தலும் வந்தது. தேர்தல் என்று பெயரே தவிர, நான் எழுந்து, "பழையபடியே நடத்தலாமா?" என்பேன். ஆட்கள் சிப்ஸ் மென்றுகொண்டே தலையாட்டுவார்கள். முடிந்தது. எழுந்தேன்.

"பழையபடியே நடத்தலாமா?"

"நான் ஜெனீவா பேரைச் சொல்றேன்," என்றாள் ஓபல்.

சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம் என்று விதி செய்த புத்திசாலியும் நான்தான். துணிக்கு ஒட்டுப் போட வந்தவர்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஜெனீவாவுக்குக் கைகள் உயர்ந்தன, கையில் ஊசியோடு. பெண்கள் தூக்கியது போகட்டும், எங்கள் ஆட்களும் தூக்கினார்கள். ஹார்லனும் கையைத் தூக்கினான். சரி, தலை சொறியத் தூக்கியிருப்பான் என்று பார்த்தேன். சொறியவில்லை. ஓபல் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகைக்கு அவன் இன்னொரு கையையும் தூக்கியிருப்பான்.

என் பக்கம் ஒரு கை இருந்தது. அது என்னுடையது. அதிலிருந்து ரிமோட்டை ஜெனீவா மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"தலைவியா என் முதல் வேலை," என்றாள். "டெல்மருக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. காட்சிக்கூடம் வைக்கணும்னு. என் தையல் ரூமை அதுக்குக் குடுத்துடறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். தேர்தலில் தோற்றால் என்ன, சபதத்தில் ஜெயித்துவிட்டேனே! எழுந்து போய் அவளைக் கட்டிப் பிடித்தேன்.

"சட்டம் ஹாலுக்கு வந்துடும். டிவியும்தான்," என்று என் தோளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே போனாள். "சோபா வேண்டாம், யாராவது எடுத்துட்டுப் போங்க. இந்த ரூம் எனக்கு எப்பவோ பத்தாமப் போச்சு. ஹால்னா பெரிய போர்வையே போடலாம்."

கட்டிப் பிடித்த கை தானாகத் தளர்ந்தது.

எல்லாரும் போன பிறகு சமையலறையில் தட்டுத் துடைத்தபடி கேட்டேன். "ஜெனீவா, நிஜத்தைச் சொல்லு. உனக்கு ஆரம்பத்துல இருந்தே ஹால்மேலதான் கண்ணா?"

"உனக்கு என் ரூம்மேல கண்ணு. எனக்கு உன் ஹால்மேல. இதுல என்ன இருக்கு?"

"என் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஹார்லன்கிட்டச் சொன்னே. ஹார்லன் ஓபல்கிட்டச் சொன்னான். நீ வேலியை விட்டு வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள ஓபல் எனக்கு போன் பண்ணிட்டா. அந்தத் தட்டுல இன்னும் ஈரம் இருக்கு பாரு."

இப்போது காட்சிக்கூடம் அருமையாக இருக்கிறது. வெயில் நன்றாக விழுகிறது. ஓபாசம் குட்டிகளோடு காலி செய்துவிட்டுப் போன தொப்பியை வினிகரில் ஊறவைத்து, தேய்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். காப்பாளர் என்று எனக்கு ஒரு பதவி கொடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள எம்பிராய்டரி பட்டையும் போட்டுக் கொடுத்திருக்கிறாள் ஜெனீவா. பார்வை நேரம் வியாழன் மாலை.

"வியாழன் மாலை நானும் ஹாலுக்கு வரணுமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"காட்சிக்கூடத்தைத் திறந்து போட்டுட்டு நீ ஹால்ல உக்காந்தா, வர்றவங்களை யாரு பாப்பா?"

"யாரும் வரலியே ஜெனீவா."

"வந்தா?"

போன வியாழனும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேப்டனின் மணி அடித்தது. ஹார்லன் குதிரை மாதிரி கனைப்பதும் ஓபல் கீச்சிடுவதும் தனித்தனியாகக் கேட்டன. என்ன காட்சி என்று தெரியாமல் தவித்து, அறை வாசலுக்கு வந்து தலையை நீட்டினேன். ஜெனீவா ரிமோட்டால் படத்தை நிறுத்திவிட்டு, அன்பாகத்தான் சொன்னாள்:

"கதவைச் சாத்திக்கோ டெல்மர், எங்க சிரிப்பு உனக்குத் தொந்தரவா இருக்கப் போகுது."