மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ஓப்பன் கார்

இரவல் வாங்கிய பொருளைக் கெடுப்பதற்குப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம். ஆனால் "இதை மட்டும் தொடாதே" என்று சொல்லிக் கொடுத்த பொருளில், சரியாக அந்த இடத்தையே தேடிப்பிடித்துத் தொட என்னைப் போன்ற பிறவி மேதை வேண்டும்.

எழுபதுகளில் எங்கள் வீடு செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருந்தது. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இளநிலை குமாஸ்தா. (உத்தியோகம்தான் சின்னது. மிதப்பு ஜெனரல் மேனேஜருக்குச் சமம்.) அந்த ஜெனரல் மேனேஜரின் ஸ்டெனோ, மிஸ் டோரீன். ஆங்கிலோ இந்தியர். போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும், கூடவே வாக்கியத்துக்கு ஒரு 'மேன்' வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்க்கோடியில் பட்டாளக்காரர்கள் நிறைந்த போலாரத்தில் தனியாக, இறந்துபோன அப்பாவின் காரோடு வாழ்ந்து வந்தார்.

அது ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பெரிய பிரிட்டிஷ் சலூன் கார். கருநீல நிறம். உள்ளே பாலாடை நிறத்தில் தோல் இருக்கைகள், முகம் பார்க்கலாம் போல மெருகேற்றிய வால்நட் மரப்பலகை. மிஸ் டோரீன் அதை மழையில் வெளியே எடுத்ததே இல்லை. ஈரக் குடையோடு யாரும் ஏறக் கூடாது. கூரையில், முன் இருக்கைக்கு நேர் மேலே, தள்ளித் திறக்கிற கதவு ஒன்று உண்டு. துரை போனதிலிருந்து அதைத் திறக்கவில்லை.

அந்தக் காரை விற்க ஏற்பாடாகியிருந்தது. பழைய கார்கள் சேகரிக்கும் பம்பாய்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார். விற்ற பணத்தில் டிக்கெட் எடுத்து மிஸ் டோரீன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய தங்கை உடம்புக்கு முடியாமல் கிடந்தார். உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே உறவு.

அந்த வாரம்தான் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மெட்ராஸ். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் இல்லாவிட்டால் பிள்ளையார் கோயிலை விட்டு நகரமாட்டோம் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கடிதத்திலேயே எழுதியிருந்தார். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் மட்டும் அந்தக் கூரைக் கதவை நினைத்துக்கொண்டு, ஓப்பன் கார் என் பொறுப்பு என்று மார்தட்டினேன்.

மிஸ் டோரீனிடம் கார் வேண்டும் என்று மட்டும் கேட்டேன், ஓப்பன் விஷயத்தை முழுங்கிவிட்டேன். அவர் சாவியை எடுத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ மேன். எங்க வீட்லதான் ஒரு கல்யாணமும் நடக்கல, கார் ஒரு கல்யாணமாவது பாக்கட்டும். ஆனா மேல் கதவைத் தொடாதே. திறந்தா மூடாது."

தொடவே மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். கோயில் மாடு கூட அவ்வளவு பணிவாக ஆட்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் சித்தப்பா காரைச் சுற்றி வந்து, இதிலே ஓப்பன் எங்கே என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் அந்தக் கதவைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. கதவு திறந்துகொண்டது. அத்தான் முன் இருக்கையில் ஏறி நின்று, கோட்டும் சூட்டும் ஆளுயர மாலையுமாகத் தலையை வெளியே விட்டார். அவர் அந்தக் காலத்திலேயே கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். (அக்கா படிக்க மாட்டாள் என்பதால் சொல்கிறேன், நிறையவே பூசினாற்போல.) இடுப்பு வரை வந்ததும் துவாரத்தில் கச்சிதமாகப் பொருந்திவிட்டார். போலாரம் மைதானத்தில் டாங்கியில் நிற்கும் மேஜர் மாதிரி கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. நாதஸ்வரக்காரர் பான் கடைக்குள் ஓடினார், காஸ் லைட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. அத்தான் கீழே இறங்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் இடுப்புக்கு மேலே தொப்பலாக நனைந்தாரே தவிர, காருக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

புத்தியுள்ளவன் அப்படியே விட்டிருப்பான். நான் அவர் காலைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். பின்னால் இருந்து இரண்டு பேர் என்னை இழுத்தார்கள். அத்தான் பொத்தென்று என் மடியில் வந்து விழுந்தார். அவர் பின்னாலேயே மொத்த மழையும் உள்ளே வந்தது. கதவு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பதறிப்போய்க் கல்யாண வீட்டிலிருந்து சிவப்பு ஜமுக்காளம் கொண்டுவரச் செய்து கூரையில் போர்த்தினேன். அதன் சாயம் இரவெல்லாம் அந்தப் பாலாடைத் தோலில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த ஃபேனை, இருக்கைகளை உலர்த்தலாம் என்று தூக்கிக்கொண்டு, காரோடு போலாரம் போனேன். மிஸ் டோரீன் கார் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். திட்டவில்லை. உப்பிப்போன மரப்பலகையைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு, "மாப்பிள்ளைக்கு ஜுரம் கிரம் வரலியே?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

ஞாயிறன்று பம்பாய்க்காரர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தேநீர்கூடக் குடிக்காமல் வந்த டாக்சியிலேயே திரும்பிவிட்டார். வேறு யாரும் அந்தக் காரைக் கேட்டு வரவில்லை. அடுத்த வருடம் தங்கை இறந்துபோனார். மிஸ் டோரீன் கடைசிவரை போலாரத்திலேயே இருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் முந்திக்கொள்வார். "என் காருக்கு உங்க அத்தான்தான் சரியான கூரை மேன். அவரை ஏன் இழுத்தே?" என்று சொல்லிச் சிரிப்பார். அக்கா பிள்ளையின் பெயர் வைக்கும் விழாவுக்கு வந்து எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. அத்தான் எங்கே உட்கார்ந்தாலும், "பாத்து, இழுத்துடாதீங்க" என்று யாராவது சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். மன்னிப்பு மட்டும் கேட்டு முடிக்கவே இல்லை.

போன மாதம் அத்தான் அந்தக் கதையைத் தன் பேத்திக்குச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஃபிர் ஓ ஆன்ட்டி ஆஸ்திரேலியா கயே க்யா?" என்று கேட்டாள். அந்த ஆன்ட்டி போனாங்களா என்று. (தமிழில் கேட்டால் புரியும், பதில் மட்டும் இந்தியில்தான் வரும்.)

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"போனாங்கம்மா," என்றேன். "தங்கச்சியே ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க."