வீட்டுக்குள் செருப்பு

எம். புதுப்பட்டி
14.8.2006

விருதுநகரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சோணைமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி வள்ளித்தாயின் புருசன் கோட்டைச்சாமி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே பிள்ளைகள் சுகம், பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன் வேலையும் இருக்கிறது. நிம்மதிதான் இல்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

போன மாசம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் என் பாதத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, உணர்ச்சி குறைந்திருக்கிறது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னார், போனார். உங்கள் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போனால், உரசித் தீப்பிடிக்கும் என்று போர்மேன் வெளியே விரட்டுகிறார், வீட்டுக்குள் செருப்பில்லாமல் போனால் இவள் வெளியே விரட்டுகிறாள். மனுசன் எங்கேதான் நிற்பது? வீட்டுக்கென்று தனிச் செருப்பு வாங்கி வந்தாள், அதுவும் ரோஸ் கலரில் பொம்பளைச் செருப்பு. அதுதான் மெத்தென்று இருந்ததாம். ஒருநாள் அவசரத்தில் அதையே மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். வாசலில் அத்தனை பேர் செருப்புக்கும் நடுவில் அது கிடக்க, சாயந்திரம் யார் மாட்டுகிறார்கள் என்று பார்க்கக் கூட்டமே காத்திருந்தது மச்சான்.

அத்தோடு விட்டாளா? வேலை முடிந்து வந்தால் வாசலில் உட்கார வைத்துக் காலைக் கழுவித் துடைத்து, நான் சவரம் பண்ணும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடிக்கிறாள். எதிர்வீட்டு மாடத்தியின் புருசன் இதைப் பார்த்துவிட்டுத் தானும் காலை நீட்டியிருக்கிறான். மாடத்தி குடத்துத் தண்ணீரை அவன் தலையில் கொட்டிவிட்டாள். அவன் ஈரத்தோடு வந்து என்னிடம் சண்டை போடுகிறான்: "ஏலே, ஒன்னால என் மானம் போச்சுலே!"

வலித்தால் எனக்குத் தெரியாதா என்று கேட்டால், "அங்கன வெறுங்காலோட நிக்கீக, இங்கன வந்தா நான் பாக்காம யாரு பாப்பா?" என்கிறாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை நாலு சத்தம் போட வேண்டும். இல்லையென்றால் நான் கம்பெனி வாட்ச்மேனோடு படுத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டில் அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணை.

இப்படிக்கு,
கோட்டைச்சாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வள்ளி கண்ணாடியோடு வந்தாள். பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள். குதிகாலிலிருந்து ஒரு கருவேல முள்ளைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். அரை விரல் நீளம். நாள் முழுக்க அதன் மேல்தான் நின்றிருக்கிறேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை மச்சான். அதுதான் பயமாக இருக்கிறது. சத்தம் போட வர வேண்டாம். உங்களுக்கும் எட்டு வருசமாகச் சர்க்கரைதானே? இதைப் படித்த கையோடு அக்காளிடம் உங்கள் பாதத்தைக் காட்டுங்கள்.