ஹவில்தாரும் சத்தம் அடக்கும் குழாயும்

இந்திய ராணுவம் துப்பாக்கியை மாற்றுவதென்றால் முதலில் கலந்தாலோசிக்க வேண்டிய ஆள், பொழிச்சலூரில் எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அங்கே குடியிருந்த ஆறு வருடமும் அவர்தான் வாட்ச்மேன். எல்லாருக்கும் ஹவில்தார். காலாட்படையில் சுட்டுச் சுட்டு இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது அரைகுறை. தலைக்கு மேல் விமானம் போனால் விமான நிலையத்தை ஒட்டிய அந்த ஏரியாவே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். ஹவில்தார் மட்டும் நிறுத்தமாட்டார். அதனால் அவர் சொன்னதில் பாதி இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அவருடைய மகனும் காலாட்படைதான். "என் காது போனா போவட்டும் சார். அவன் காதாவது தப்பிக்கணும்" என்பார். புதுத் துப்பாக்கி பற்றிப் பேப்பரில் ஒரு வரி வந்தாலும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அந்தக் காதுக்காகத்தான்.

முதலில் வந்த செய்தி, இனிமேல் தோட்டா பெரியது என்று. பெரியதென்றால் பலமாக அடிக்கும், சரி. ஒரு சிப்பாய் எத்தனை சுமப்பான்? சந்தேகம் வந்துவிட்டால் மனிதர் சும்மா இருக்கமாட்டார். காய்கறி வண்டியை நிறுத்தி, தராசில் சின்ன வெங்காயத்தையும் பெரிய வெங்காயத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார்.

"இன்னா ஹவில்தாரு, வாங்க வந்தியா, எண்ண வந்தியா?" என்றாள் வண்டிக்கார அக்கா.

"இரும்மா, இது தேச விஷயம்."

ஒரே எடைக்குச் சின்னது ஐம்பது, பெரியது ஒன்பது. "கம்மியாத்தான் கீது சார். ஒவ்வொண்ணும் குறி பாத்து சுடணும்" என்றவர், "சத்தமும் ஜாஸ்தியாவுமே" என்று முகம் வாடினார்.

அடுத்த செய்தி அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. துப்பாக்கி முனையில் சத்தம் அடக்கும் குழாய் மாட்டிப் பார்க்கிறார்களாம்.

"உங்க ஸ்கூட்டர் சைலன்சர் மாதிரிதான் சார்."

"அப்போ சத்தமே வராதா?"

"அதெல்லாம் சினிமா. வரும். காது கிழியாது."

எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. தாம்பரத்தில் ரயிலேறி, போனில் அந்தக் குழாயைப் பற்றிப் படித்துக்கொண்டே போனேன். எட்டிப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரர் பல்லாவரத்தில் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

ஹவில்தார் மகனிடம் ஸ்பீக்கரில்தான் பேசுவார். "குழா வந்துச்சாடா?"

"அப்பா, அதெல்லாம் போன்ல சொல்லக்கூடாதுப்பா."

"சரி சரி, ரகசியம்" என்று நாலு மாடிக்கும் கேட்கக் கத்துவார்.

ஒருமுறை மகன் லீவில் வந்தான். நேரிலும் குழாயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டருகே நின்று அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பத்தடி தள்ளி, இடப்பக்கமாக ஹவில்தார் போய் நின்றார். "ராஜா" என்றார். அவ்வளவு மெல்லப் பேச அவருக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மகன் திரும்பினான். "இன்னாப்பா?"

"ஒண்ணுமில்ல. டீய குடி."

பிறகு வலப்பக்கம் போய் நின்று கூப்பிட்டார். அதற்கும் திரும்பினான்.

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த "ராஜா" ஹவில்தாரின் காதுக்கே எட்டியிருக்காது. மகன் திரும்பியதைப் பார்த்துத்தான், தான் கூப்பிட்டதே அவருக்குத் தெரிந்திருக்கும்.