கிருமி மாப்பிள்ளையின் தயக்க நேரம்

தான் பிழைக்கிற தொழிலை வைத்தே ஊர் உலகத்தை அளந்துவிடுகிற இனம் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தையற்காரராக இருந்தால், எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பிரிந்ததற்கு "அளவெடுக்கும்போதே பிசகு" என்பார். கொத்தனாராக இருந்தால் "அஸ்திவாரமே ஆட்டம்" என்பார். இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், சட்டையும் சுவரும் கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. கண்ணுக்கே தெரியாத ஒன்றை வைத்துப் பிழைக்கிறவர் கையில் அகப்பட்டால் என்ன கதி?

அகப்பட்டது ஒரு குடும்பம். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த வீடு அது. மூத்த மருமகன் லாரி ஓட்டுகிறவர், நடு மருமகன் பாத்திரக் கடைக்காரர், கடைக்குட்டியைக் கட்டியவர் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கிறவர். அதனால் அவருக்குக் கிருமி மாப்பிள்ளை என்று பெயர் நிலைத்தது.

சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார். அந்தக் கிருமிக்குள் நாலாயிரத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு மரபணுப் புத்தகம் இருக்கிறதாம். முழுவதையும் விரித்து வைத்துக்கொண்டு உட்காராதாம். எதிரே என்ன தீனி கிடக்கிறதோ அதற்கு வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளுமாம். வேண்டாத பக்கத்தின் மேல் ஒரு புரதம் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்குமாம். குளுக்கோஸையும் பால் சர்க்கரையையும் கலந்து வைத்தால், நோகாமல் தின்னக்கூடிய குளுக்கோஸைத்தான் முதலில் தின்னுமாம். அது தீருகிறவரை பால் சர்க்கரைப் பக்கத்தைத் திறந்தும் பார்க்காதாம். தீர்ந்ததும் திகைத்து நிற்கும். வளராது. பிறகு புதுப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பும். நடுவில் நிற்கிற அந்த நேரத்துக்குத் 'தயக்க நேரம்' என்று பெயர்.

நல்ல சரக்குதான். ஆனால் மூத்த சகலை புது லாரிக்கு மாறத் தடுமாறினாலும் அது தயக்க நேரம். மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் அது தயக்க நேரம். மாமியார் கோபத்தில் வாய் திறக்காமல் இருந்தால், "அந்தப் பக்கத்து மேல காவல்காரன் உக்காந்துட்டான். பொருத்தமான தீனி வந்தாத்தான் எழுந்திருப்பான்" என்பார்.

"தம்பி, உங்க வாய் மேல அவன் எப்ப உக்காருவான்?" என்று மூத்த மைத்துனி கேட்டாள். அதற்கும் கால் மணி நேரம் விளக்கம் சொன்னார்.

அவருடைய மனைவி நர்ஸ். பதினோரு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே அவர் சட்டையைத் தேய்த்து, காலுறைக்கு ஜோடி தேடிக் கொடுத்து, பத்து வயது மகளுக்குத் தலை வாரிவிட்டு, ஓடிப்போய் மருத்துவமனை வேன் ஏறுகிறவள். அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி, வேறொரு மருத்துவமனையில் தலைமை நர்ஸ் வேலை. மூன்று வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் முடிய மூன்று மாதம். அதுவரை மகளை அப்பா பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்: 'போ.'

ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டை நூறாகப் பங்கு வைக்கிற மனிதருக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. யோசிக்கிறேன் என்றார். வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லியாகணும்ங்க."

"அவசரப்படுத்தினா எப்படிம்மா? கிருமிகூட ஒரு தீனியிலேருந்து இன்னொண்ணுக்கு மாற நேரம் எடுத்துக்குது."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. மிஞ்சிப் போனா ஒரு மணி."

"உங்களுக்கு மூணு வாரமாச்சு."

மகள் களுக்கென்று சிரித்தாள். அவர் விடுவாரா? "அது அப்படியில்ல. குளுக்கோஸ் சுத்தமா தீர்ந்தாத்தான் அந்த நேரமே ஆரம்பிக்கும். நோகாம கிடைக்கிறவரைக்கும் அது ஏன் பக்கத்தைப் புரட்டப்போகுது?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவர் சொன்னது உபயோகப்பட்டது.

"அப்ப குளுக்கோஸ் கெளம்பினாத்தான் சரிப்படும்."

"கரெக்ட்!" என்று மேசையைத் தட்டினார். கடைசியில் பெண்டாட்டிக்கே புரிந்துவிட்டதே என்று அவருக்குப் பூரிப்பு. அவள் அந்தக் 'கரெக்ட்'டையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதில் போய்விட்டது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவளும் ரயில் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மகள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அப்பா அடுப்பு முன்னாடி நிக்கிறாரு. ஒண்ணுமே பண்ணல."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிஷமா."

"பயப்படாதடா. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

ஐம்பத்திரண்டாவது நிமிஷம் பால் பொங்கியது. பாதி அடுப்பில், பாதி டம்ளரில். ஆனாலும் பொங்கியது. மூன்றாவது வாரத்தில் மகளின் பின்னல்கூடக் கோணாமல் விழுந்தது என்று கேள்வி.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களோ? மூத்த சகலைக்குப் போன் போட்டு, "அவளுக்குத்தாங்க ஒரே தயக்கம். மூணு வாரம் யோசிச்சா. நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன்" என்றாராம்.

சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கையில் உங்கள் மைத்துனர், உங்கள் அதிகாரி, மாடி வீட்டுக்காரர் என்று வரிசையாக முகங்கள் வந்து போயிருக்கும். உங்கள் முகம் வந்ததா? வரவில்லையென்றால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் காதில் வாங்குங்கள். நடுவில், "இப்படித்தான் எங்க ஆபீஸ்ல..." என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.